அழகம்மாள் ஏறிய மலை

வியாழன்

செஞ்சிக் கோட்டைப் பாறைகள் பின்னால் போய், கீழ்பென்னாத்தூர் நெருங்கும்போது ஜன்னல் வழியே மலை தெரிந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் அம்மா, மடியில் தூங்கிக்கொண்டிருந்த பேத்தியின் இரு கைகளையும் சேர்த்துப் பிடித்து அவளையும் கும்பிட வைத்தார். திருவண்ணாமலைக்குப் பலமுறை வந்திருக்கிறேன். தாயான பிறகு வருவது இப்போதுதான்.

எதற்காக வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளுக்கு மூன்று வயது. அவள் பிறக்கும்வரை விடியற்காலை என்னுடையதாக இருந்தது. விரிப்பைப் போட்டால் ஆசனம், மூச்சு, பிறகு விளக்கேற்றிச் சிறிது நேரம் கண்மூடி இருத்தல். இப்போது அந்தப் பொழுது துண்டு துண்டாகக் கிடைக்கிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. ‘தாய் என்றால் தியாகம்’ என்று மேடைகளில் புகழ்வதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. தியாகி என்று மாலை போட்டுவிட்டால், அவளுக்கும் அரை மணி நேரத் தனிமை வேண்டும் என்று எவரும் நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

இன்னொன்றும் மனத்தில் நெருடிக்கொண்டே இருந்தது. அமைதியைத் தேடியவர்கள் என்று நாம் கொண்டாடும் பெரும்பாலோர் வீட்டை விட்டுப் போனவர்கள். வீட்டிலேயே இருந்தவளின் கதை என்ன ஆனது? இந்த ஊரில் அப்படி ஒருத்தி இருக்கிறார். ரமண மகரிஷியின் தாய் அழகம்மாள். இத்தனை முறை வந்தும் அவரை நான் நின்று பார்த்ததில்லை. இந்தப் பயணம் அவருக்காக.

செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு அருகிலேயே அறை கிடைத்தது. மொட்டை மாடியில் நின்றால் மலை முழுவதும் தெரிகிறது. மகள் அதைப் பார்த்து, “சாமி தூங்குகிறதா?” என்று கேட்டாள். அம்மா யோசிக்காமல், “உட்கார்ந்திருக்கிறது, கண்ணு” என்றார்.

வெள்ளி

தை மாதக் குளிர். விடிவதற்கு முன்பே விரிப்புடன் மாடிக்குப் போய்விட்டேன். மகளுக்குப் பக்கத்தில் அம்மா படுத்திருந்ததால் காலில் அவசரம் இல்லை.

முதலில் மூச்சு. திருமூலர் பிராணாயாமத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்: 16 மாத்திரை (கண்ணிமைக்கும் நேர அளவு) இழுப்பது, 64 மாத்திரை நிறுத்துவது, 32 மாத்திரையில் வெளியே விடுவது. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் மூச்சை நிறுத்திப் பழகக் கூடாது. அதுவும் இரவெல்லாம் விழித்துக் களைத்த உடம்புக்கு அந்த நடுப்பகுதி தேவையே இல்லை. நான் எடுத்துக்கொண்டது அதிலுள்ள விகிதத்தை மட்டும். இழுக்கும் நேரத்தைப் போல இரண்டு பங்கு நேரம் வெளியே விட வேண்டும். 4 எண்ணி இழுத்து, 8 எண்ணி விடுகிறேன். மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்பு சற்றே குறைகிறது. வேகஸ் நரம்பு செய்யும் வேலை அது. தோள்கள் தாமாக இறங்குவதை நாமே உணரலாம். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே இதைச் செய்ய முடியும், குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போதும் முடியும். எல்லா ஆசனங்களும் கைவிட்டுப்போன காலத்தில் என்னைத் தாங்கியது இந்த ஒன்றுதான்.

பிறகு விருட்சாசனம். ஒற்றைக்காலில் நின்று, மறுகாலின் பாதத்தைத் தொடையில் பதித்து, கைகளை மேலே குவிப்பது. பார்வைக்கு ஒரு புள்ளி வேண்டும். மலையின் உச்சியை எடுத்துக்கொண்டேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் நிற்பதாகத் தோன்றும். நிற்பவருக்குத்தான் தெரியும், கணுக்கால் ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை என்று. சிறிது உள்ளே சாயும், சிறிது வெளியே சாயும், விரல்கள் தரையைப் பற்றும், விடும். இந்தச் சின்னச் சின்னத் திருத்தங்கள் நின்றுபோனால் விழுந்துவிடுவோம். குழந்தை பிறந்த பின் என் இடுப்பும் வயிறும் மாறிவிட்டதால் இடக்காலில் நிற்பது இன்னும் கடினமாகவே இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுத் தசைகள் நடுவில் விலகியிருக்கும்; அவை கூடும்வரை வயிற்றை அழுத்தும் ஆசனங்களைத் தள்ளிவைக்க வேண்டும். மருத்துவரிடம் காட்டாமல் எவரும் தொடங்க வேண்டாம் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

நின்றுகொண்டிருக்கும்போதே படியில் காலடிச் சத்தம். மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். நான் மார்ஜாரி ஆசனத்துக்கு மாறினேன். பூனையின் முதுகில் சவாரி தொடங்கியது. அடுத்து பிரமரி. வண்டுபோல் ரீங்கரித்தபோது தன் காதை என் மார்பில் வைத்துக் கேட்டாள். “உள்ளே என்ன இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானும் ரீங்கரித்தாள். அந்தச் சில நிமிடங்களில் எனக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை.

ஒன்பது மணிக்கு ஆசிரமம். மயில்களும் குரங்குகளும் கிடைத்த மகிழ்ச்சியில் அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. பசு லட்சுமியின் சமாதியில் வெகுநேரம் நின்றாள். 1948-இல் அந்தப் பசு இறக்கும் நேரத்தில் ரமணர் பக்கத்தில் அமர்ந்து அதன் தலையைத் தடவிக் கொடுத்தார் என்று அம்மா அவளுக்குக் கதை சொன்னார். ஆசிரமத்து விலங்குகளை ரமணர் ‘அது’ என்று சொல்வதில்லை. ‘அவன்’, ‘அவள்’, ‘பசங்கள்’ என்றுதான் சொல்வார்.

அவர்களை அங்கே விட்டுவிட்டு நான் மாத்ருபூதேஸ்வரர் சந்நிதிக்குப் போனேன். அழகம்மாளின் சமாதி மேல் எழுந்த கோயில் அது. 1949 மார்ச் 17 அன்று குடமுழுக்கு நடந்தது. ரமணர் சமாதி மண்டபத்தில் பலர் அமர்ந்திருந்தார்கள். ஒட்டினாற்போல் இருக்கும் இந்தச் சந்நிதியைச் சுற்றிவந்து கும்பிட்டுவிட்டு அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். நானும் இத்தனை காலம் அப்படித்தான் சுற்றிவந்தேன். ஆனால் இந்த ஆசிரமம் இந்த இடத்தில் இருப்பதற்கே காரணம் அந்தத் தாய்தான். 1922 மே 19 அன்று மலைமேல் அவர் உயிர் நீத்த பின், உடலை அடிவாரத்தில் பாலி தீர்த்தத்தின் அருகே அடக்கம் செய்தார்கள். மகன் அன்றாடம் இறங்கிவந்து பார்த்தார். அந்த ஆண்டின் கடைசியில் ஒருநாள் வந்தவர் திரும்பி மேலே போகவில்லை. சமாதியைச் சுற்றி ஒரு கூரை, பின்பு ஒரு ஹால், பின்பு சமையற்கட்டு என்று வளர்ந்ததுதான் இன்று உலகமெங்குமிருந்து வந்து உட்காரும் ரமணாசிரமம்.

சந்நிதியில் கல்தூணில் சாய்ந்து அமர்ந்தேன். வெளியே மகள் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் சத்தம் நின்றால்தான் மனம் அமைதியாகும் என்று எண்ணியிருந்த எனக்கு, அந்தச் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் அங்கே அமர முடிந்தது.

சனி

ஆசிரமத்தின் பின்புறத்திலிருந்து, மலைமேல் ரமணரும் தாயும் வாழ்ந்த ஸ்கந்தாசிரமத்துக்குக் கற்கள் பதித்த பாதை ஏறுகிறது. மகள் கொஞ்சம் நடந்தாள், கொஞ்சம் என் இடுப்பில் வந்தாள், கொஞ்சம் பாட்டியின் விரலைப் பிடித்துத் தொங்கினாள். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஆனாலும் ஓய்வெடுக்கலாமா என்று கேட்டால், “மலை ஏறும்போது அதைக் கேட்காதே” என்கிறார். வளைவு ஒன்றில் பாறைமேல் நின்றால் கீழே அருணாசலேஸ்வரர் கோயில் முழுவதும் தெரிகிறது. 217 அடி ராஜகோபுரம்கூட அங்கிருந்து உள்ளங்கை அளவுதான்.

இந்த மலைக்கு அழகம்மாள் வந்த கதையை நினைத்துக்கொண்டே ஏறினேன். 1896 ஆகஸ்டு இறுதியில் மதுரையிலிருந்து, பின்னாளில் ரமணரான பதினாறு வயது வேங்கடராமன் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புகிறான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, நல்ல காரியத்துக்காகவே போவதால் யாரும் வருந்த வேண்டாம் என்று எழுதியிருந்தான். எந்தத் தாயால் அப்படி வருந்தாமல் இருக்க முடியும்? எங்கே போனான் என்றே தெரியாமல் நெடுநாள் தேடினார்கள். 1898-இல் தகவல் கிடைத்து மூத்த மகனுடன், இந்த மலையின் ஒரு பகுதியான பவளக்குன்றுக்கு வந்தார். சடைமுடியும் அழுக்கேறிய உடம்புமாக மகன். வீட்டுக்கு வா என்று நாள்தோறும் வந்து கெஞ்சினார், அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. கூட இருந்த ஒருவர் எழுதியாவது காட்டுங்கள் என்று மன்றாட, எழுதிக் கொடுத்தார். நடக்கவேண்டியது நடக்கும், தடுத்தாலும் நில்லாது என்று பொருள்படும் அந்தக் குறிப்பு, “ஆகலின் மௌனமாயிருக்கை நன்று” என்று முடிகிறது.

ஆன்மிகப் பேச்சுகளில் இந்த வாக்கியத்தை எல்லோரும் மகனின் பக்கத்திலிருந்தே விளக்குகிறார்கள். அதைக் கையில் வாங்கிய தாயின் பக்கத்திலிருந்து நினைத்துப் பார்த்தபோது நடை தளர்ந்துவிட்டது. அவர் ஊர் திரும்பினார். 1900-இல் மூத்த மகனை இழந்தார். இடையில் சில முறை மகனைப் பார்க்க வந்தார். அப்படி வந்த ஒரு முறை, 1914-இல், கடும் காய்ச்சலில் விழுந்தபோது, பெற்றவளைக் காக்கும்படி மகன் அருணாசலத்தை வேண்டிப் பாடல்கள் எழுதினார். நடப்பது நடக்கும் என்று எழுதிக் கொடுத்த அதே கை. அதை நினைக்கும்போதெல்லாம் என் கண் கலங்குகிறது.

1916-இல் தாய் நிரந்தரமாகவே வந்துவிட்டார். அதே காலத்தில்தான் விருபாட்ச குகையில் தங்கியிருந்த ரமணரும் சீடர்களும் மேலே ஸ்கந்தாசிரமத்துக்கு மாறினார்கள். அதுவரை ஊருக்குள் போய் வாங்கிவந்த பிச்சையைப் பகிர்ந்து உண்டவர்களுக்கு, அழகம்மாள் அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கினார். இன்று ஆசிரமத்தில் பகல் 11.30-க்கு இலை போட்டு அத்தனை பேருக்குப் பரிமாறுகிறார்களே, அதற்கு வேர் அந்த அடுப்பு. அப்பளம் இடுவதற்கு மகனைக் கைகொடுக்கச் சொன்னார் தாய். மகன் உளுந்தும் பிரண்டைச் சாறும் உலக்கையும் வரும் ஒரு பாட்டை எழுதிக் கொடுத்தார். ‘நான்’ என்பதை இடித்துப் பொடியாக்கும் பாட்டு அது. அப்பளத்தை யார் இட்டு முடித்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். தாய்தான் இட்டிருப்பார்.

எளிதாகவும் இருக்கவில்லை அவருக்கு. மகன் மற்றவர்களிடம் பேசுவார், இவரிடம் பேசாமல் இருப்பார். வருந்தினால், எல்லாப் பெண்களும் எனக்குத் தாய்தான் என்பார். ஆசாரம் மிகுந்தவரான அவர், அந்த மலைக் கூட்டத்தின் நடுவே ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தார். எல்லோருக்கும் சமைத்தார், எல்லோருக்கும் தாயானார். வீட்டை விட்டு ஓடி அவர் துறவியாகவில்லை. வீட்டு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டே மலை ஏறினார். ஓசை ஓய்ந்த பிறகு கிடைக்கும் அமைதிக்காக அவர் காத்திருக்கவும் இல்லை.

ஸ்கந்தாசிரமத்தில் அவர் உயிர் நீத்த அறை அப்படியே இருக்கிறது. சிறிய அறை. கடைசி நாள் முழுவதும் மகன் ஒரு கையை அவர் மார்பிலும் ஒரு கையை அவர் தலையிலும் வைத்தபடி, இரவில் மூச்சு அடங்கும்வரை எடுக்காமல் அமர்ந்திருந்தார். நான் உள்ளே போனபோது இருவர் தியானத்தில் இருந்தார்கள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அவள் என் புடவையில் முகம் புதைத்து நின்றாள். அம்மா எனக்குப் பின்னால். சொல்லத் தெரியவில்லை, மூன்று பேரும் அங்கே நின்ற அந்த நேரத்துக்காக இன்னும் எத்தனை மலை வேண்டுமானாலும் ஏறலாம்.

மாலையில் பெரிய கோயில். கூட்டம் நெரித்தது, மகள் தூங்கிவிட்டாள், நீண்ட வரிசை. உண்ணாமுலை அம்மன் சந்நிதியில் மட்டும் அம்மா என்னைத் தள்ளி முன்னால் நிறுத்தி, “நன்றாகப் பார்த்துக்கொள்” என்றார். வெளியே வரும்போது வடக்கே அம்மணி அம்மன் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தோம். ஒரு பெண் துறவி வீடு வீடாகப் பொருள் திரட்டி முடித்த கோபுரம் என்று சொல்கிறார்கள்.

ஞாயிறு

கிரிவலம். பௌர்ணமி நெருக்கடியில் குழந்தையோடு வரக்கூடாது என்று வேண்டுமென்றே வேறு நாள் தேர்ந்தெடுத்தோம். 14 கிலோமீட்டர். ராஜகோபுரத்திலிருந்து இருட்டோடு புறப்பட்டோம், வெறுங்காலுடன். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம் என்று எட்டுத் திசைகளுக்கும் எட்டு லிங்கங்கள். ஒவ்வொன்றிலும் மகள் திருநீறு கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டாள். நெற்றியில் இடம் தீர்ந்து கன்னத்துக்கு வந்துவிட்டது.

வருண லிங்கம் தாண்டி ஆதி அண்ணாமலை கோயில் வரும்போது நன்றாக விடிந்திருந்தது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய ஊர் இது. விடியலில் தோழியரை எழுப்பும் பெண்களின் குரலில் அவர் பாடினார். மகள் என் தோளில் கனக்கத் தொடங்கியிருந்தாள். அம்மா கோயில் வாசலில் நின்று, “நானும் பாப்பாவும் ஆட்டோவில் அறைக்குப் போகிறோம். மீதியை நீ தனியாக நட” என்றார். நான் தயங்கினேன். “உன்னைப் பெற்றவள் சொல்கிறேன், போ” என்றார்.

இதை எழுதும்போதும் அந்தச் சொல்லின் சூடு தெரிகிறது. ஒரு தாய்க்குத் தனிமை கிடைக்க வேண்டுமென்றால் இன்னொருவர் குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். தியானத்தைப் பற்றி எழுதும் பலர் இதை எழுதுவதே இல்லை. பாட்டியோ கணவரோ பக்கத்து வீட்டுக்காரரோ, யாராவது ஒருவர் அரை மணி நேரம் ஏந்திக்கொள்ளாமல் எந்தத் தாயும் கண்மூடி உட்கார முடியாது.

முதலில் கை பதறியது. தோளில் எடை இல்லாததால் நடையே மாறியது. எங்கேயாவது குழந்தை அழுதால் திரும்பிப் பார்த்தேன். வாயு லிங்கத்துக்கு அப்பால்தான் நடை என்னுடையதாயிற்று. அடிக்கு ஒரு மூச்சு என்றில்லாமல், நான்கு அடிக்கு இழுத்து எட்டு அடிக்கு விட்டேன். வலப்பக்கம் மலை கூடவே வந்தது. பல நாட்களாக மனத்தில் ஓடிக்கொண்டிருந்த பட்டியல், வாங்க வேண்டியவை, பதில் சொல்ல வேண்டியவர்கள், தடுப்பூசி நாள், எல்லாம் வந்துபோயின. மூச்சைக் கட்டுவது மனத்தை அடக்கத் துணைதான், அதுவே முடிவல்ல என்று ரமணர் சொல்வார். துணையே போதும் என்று இன்று தோன்றியது.

குபேர லிங்கத்தை அடுத்து இடுக்குப் பிள்ளையார். இடைக்காட்டுச் சித்தர் அமைத்ததாகச் சொல்லும் சிறு கல்மண்டபம். ஒரு பக்கம் நுழைந்து, உடம்பைப் பக்கவாட்டில் ஒடுக்கி, ஊர்ந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும். உள்ளே தோளை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் அரை நொடி பயம் வந்தது. மூச்சை நீளமாக வெளியே விட்டதும் விலா சுருங்கியது, வழி கிடைத்தது. பிரசவ அறையில் செவிலியர் எனக்குச் சொன்னதும் இதையேதான்: இறுக்காதே, விடு. மறுபக்கத்தில் எனக்கு முன் வெளியே வந்திருந்த வயதான பெண்மணி கையை நீட்டி இழுத்துவிட்டார். “எழுந்திரு தாயே” என்றார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

திங்கள்

மாலை பஸ். அதற்கு முன் காலையில் மாடியில் அம்மாவும் வந்து உட்கார்ந்தார். விரிப்பை அவருக்குக் கொடுத்தேன். தரையில் உட்கார முழங்கால் விடவில்லை. நாற்காலி எடுத்துவந்து போட்டேன். நாற்காலியில் அமர்ந்து செய்தாலும் மூச்சு மூச்சுதான்.

“4, 8 என்று எண்ணினால் எனக்குக் கணக்குப் பாடம் போல இருக்கிறது” என்றார் அம்மா. ‘அருணாசலா’ என்று ஒருமுறை மனத்தில் சொல்லி இழுத்து, இருமுறை சொல்லி விட்டார். நானும் அப்படியே செய்து பார்த்தேன். விகிதம் பிசகவில்லை, எண்ணும் வேலையும் இல்லை. என்னிடம் யோகா கற்க வரும் புதிய தாய்மார்களுக்கு இனி இப்படியே சொல்லித் தரப்போகிறேன், அவரவர் தெய்வத்தின் பெயரோடு.

கணவரிடம் தொலைபேசியில் பேசினேன். காலை ஆறு முதல் ஆறரை வரை மகள் அவர் பொறுப்பு. பால், பல் துலக்குதல், அழுகை எல்லாம் சேர்த்து. “அவள் உன்னைத்தான் கேட்பாள்” என்றார். “கேட்கட்டும், நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன்” என்றேன். சரி என்று ஒப்புக்கொண்டார். நாளையிலிருந்து.